கொழும்புக் குழாய்த் தண்ணீரும் வீட்டு ஃபில்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளை என்று கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நம்மவர்கள் ஃபில்டர் வாங்கப் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் வரும் அநேகமான கொழும்பு வீடுகளுக்கு விலை கூடிய இயந்திரம் தேவையில்லை. தாங்கியைக் கழுவுவதும், குறித்த நாளில் காட்ரிட்ஜ், அதாவது ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டியை, மாற்றுவதும்தான் அவசியம். பயத்தைக் காட்டி விற்பவர்களிடம் ஏமாந்து, பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருந்த காசை யாரும் செலவழிக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பங்கு களனி ஆற்றுத் தண்ணீர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, அதாவது நாம் சொல்லும் வோட்டர் போர்ட், அதை அம்பத்தளையில் சுத்திகரித்து அனுப்புகிறது. இன்னொரு பங்கு லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. லபுகம 1886ஆம் ஆண்டிலிருந்து கொழும்புக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சுற்றிவரக் காடு என்பதால் அந்தத் தண்ணீர் வரும்போதே ஓரளவு சுத்தம். களனியின் கதை வேறு. தொழிற்சாலைகள், நகரங்கள், வயல்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் அது அம்பத்தளைக்கு வந்து சேர்கிறது. பாணந்துறை, களுத்துறைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களு கங்கைத் தண்ணீர். கம்பஹா மாவட்டத்தின் சில பகுதிகளுக்குப் பியகமவிலிருந்து வருகிறது, அதுவும் களனிதான்.

இந்தத் தண்ணீர் எல்லாமே மென்தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் போல் கேத்திலில் வெள்ளைப் படிவு விடாது, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். ஃபில்டர் தெரிவு செய்யும்போது இந்த ஒரு தன்மையே பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும்.

குழாயிலிருந்து அப்படியே குடிக்கலாமா?

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் இலங்கைத் தரநிலையான எஸ்எல்எஸ் 614இற்கு அமைய இருக்க வேண்டும். அந்தத் தரநிலையின்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக்கூடாது. கலங்கல், இரும்பு, நைத்திரேற்று, ஈயம் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. அங்கே சுத்திகரிப்பும் குளோரின் சேர்ப்பதும் நாளாந்தம் நடக்கிற வேலை.

ஆனால் நீங்கள் குடிப்பது அம்பத்தளையில் அல்ல, உங்கள் குசினியில். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தபின்தான் பதில் சொல்லலாம். என்னைக் கேட்டால், வீதிக் குழாயிலிருந்து நேரே வரும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே போதும். மேல்தாங்கியிலிருந்து வருவதைக் கொதிக்க வைக்காமலோ வடிக்காமலோ குடிக்க வேண்டாம்.

நடுவழியில் எங்கே கெடுகிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது, வீதிக் குழாய். கொழும்பு நகரின் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் சில, நூறு வருடத்தைக் கடந்தவை. வெடிப்புள்ள குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும். தண்ணீரை வெட்டி அழுத்தம் விழுந்தவுடன், வெளியே மண்ணில் இருப்பது உள்ளே வரும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் ஓடினால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. மீற்றருக்குப் பின்னால் நேரடியாக மோட்டர் பூட்டி இழுக்கும் வீடுகள் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இழுக்கும் மோட்டர் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. பக்கத்து வீட்டாரின் தண்ணீரையும் அது கெடுக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் நிலத்தாங்கியில் விட்டு, அதிலிருந்து மோட்டரால் ஏற்றுங்கள்.

இரண்டாவது, அந்த நிலத்தாங்கி. தொடர்மாடிகளில் வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே சம்ப் இருக்கும். மூடி சரியாக இறுகாமல், மழைத்தண்ணீர் அதன்மேல் ஓடி, சில இடங்களில் மலக்குழிக்குச் சில அடி தூரத்திலேயே அமைந்திருக்கும். தொடர்மாடி முகாமைத்துவக் கூட்டத்தில் லிப்ட், பெயின்ட், காவலாளி எல்லாம் பேசுவோம். சம்ப் கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று கேட்பவர் குறைவு. அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள், திகதியோடு பதில் வாங்குங்கள்.

மூன்றாவது, மேல்தாங்கி. வெயிலில் சூடாகும் கறுப்புத் தாங்கியில் குளோரின் சீக்கிரம் போய்விடும். அதன்பின் அடியில் தங்கிய சேற்றில் கிருமி வளர எந்தத் தடையும் இல்லை. மூடி பறந்த தாங்கியில் காகமும் பல்லியும் விழுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தாங்கியை எப்படிக் கழுவுவது?

வருடத்துக்கு இரண்டு முறை. தண்ணீரை முழுக்க வெளியேற்றி, தூரிகையால் தேய்த்து, சேற்றை அள்ளிவிடுங்கள். பிறகு 1000 லீற்றர் தாங்கிக்கு ஏறத்தாழ 150 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தாங்கியில் ஊற்றி நிரப்புங்கள். வீட்டின் ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள். அப்போதுதான் குழாய்களின் உட்புறமும் சுத்தமாகும். 24 மணித்தியாலம் அப்படியே விட்டு, முழுவதையும் வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். அந்த ஒரு நாள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஃபில்டரின் வாயையும் அன்று மூடிவிடுங்கள்.

குளோரின் மணம் தாங்க முடியவில்லை. புற்றுநோய் வரும் என்கிறார்களே?

மணம் வருகிறதென்றால், கிருமியைக் கொல்ல அங்கே இன்னும் ஏதோ மீதி இருக்கிறது என்று அர்த்தம். குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதிக் குளோரின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆற்றுத் தண்ணீரில் உள்ள இலை தழைச் சாறு குளோரினோடு சேரும்போது டிரைஹாலோமீதேன் என்ற சேர்மங்கள் சிறிதளவு உண்டாகும் என்பது உண்மை. நீண்டகாலத்தில் அவை நல்லதல்ல என்பதால் அவற்றுக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காகக் குளோரினையே வேண்டாம் என்பது பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குவது. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் இன்றைக்கே வரும். மணம் பிடிக்காவிட்டால் வாயகன்ற பாத்திரத்தில் சில மணித்தியாலம் வையுங்கள், அல்லது செயற்படுத்திய கரி ஃபில்டர் ஒன்றைக் குசினியில் பூட்டுங்கள். கரி குளோரினையும் அந்தச் சேர்மங்களில் கணிசமான பங்கையும் பிடித்துக்கொள்ளும்.

முக்கியமான எச்சரிக்கை: கரி ஃபில்டரைத் தாங்கிக்கு முன்னால் பூட்டாதீர்கள். வீடு முழுவதற்கும் நல்ல தண்ணீர் வரட்டும் என்று சில பிளம்பர்மார் அப்படிச் செய்கிறார்கள். குளோரின் இல்லாத தண்ணீர் தாங்கியில் கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். தாங்கிக்கு முன்னால் மண், துரு பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர் மட்டும் போதும்.

தண்ணீர் வெட்டுக்குப் பிறகு மண்ணிறமாக வருகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் குழாயின் உள்ளே படிந்த துருவும் மங்கனீசும்தான் அது. வழங்கல் திரும்பியதும் வெளிக் குழாயைத் திறந்து தெளியும்வரை ஓட விடுங்கள், அதுவரை தாங்கியின் வால்வை மூடி வையுங்கள். வெள்ளை உடுப்புத் தோய்க்க வேண்டாம். ஒரு நாள் கடந்தும் தெளியாவிட்டால் 1939க்கு அழைத்துச் சொல்லுங்கள். நாற்றமும் சேர்ந்து வந்தால் ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அது துரு மட்டுமல்ல.

சில மாதங்களில் உப்புக் கரிக்கிறதே?

வரட்சியில் களனியின் ஓட்டம் குறையும்போது கடல் தண்ணீர் ஆற்றின் அடியால் மேலே ஏறும். அம்பத்தளை முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. வருடக்கணக்காக மணல் அள்ளி ஆற்றின் படுகை தாழ்ந்ததும் இதற்குக் காரணம். கரியோ, சுட்ட களிமண்ணாலான செரமிக் ஃபில்டரோ, புற ஊதாக் கதிரால் கிருமியை அழிக்கும் யூவியோ உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் உப்பு இன்னும் செறியும். இரத்த அழுத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், பால்மா கரைத்துக் கொடுக்கும் குழந்தைகளும் இருக்கும் வீடுகளில் அந்த நாட்களுக்கு மட்டும் போத்தல் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். உப்பைச் சவ்வால் பிரித்தெடுக்கும் ஆர்ஓ இயந்திரத்தை இந்தச் சில நாட்களுக்காக வாங்குவது வீண்.

ஈயம் இருக்குமா?

பழைய வீடுகளில் கவனிக்க வேண்டும். ஈயம் ஆற்றிலிருந்து வருவதைவிட வீட்டின் பழைய குழாய், பித்தளைப் பொருத்துக்கள், ஒட்டு வேலை ஆகியவற்றிலிருந்து கரைந்து வருவதே அதிகம். மென்தண்ணீருக்குக் கரைக்கும் குணம் கூட. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, முக்கியமாகச் சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். காலையில் முதல் வரும் தண்ணீரைச் செடிக்கு விட்டு, குழாய் குளிர்ந்து ஓடிய பிறகு பிடியுங்கள். சுடுநீர்க் குழாயில் பிடித்துத் தேத்தண்ணி போட வேண்டாம். கொதிக்க வைப்பதால் ஈயம் போகாது. கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம், கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழங்காலக் கட்டடத்தில் குடியிருந்தால் ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள்.

விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் கருவி ஒன்றை வைத்தார், தண்ணீர் கறுத்துப் போனது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். அது மின்பகுப்புக் கருவி. அதில் ஒரு கம்பி இரும்பு, மற்றது அலுமினியம். தண்ணீரில் தாது இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். நீங்கள் பார்த்த கறுப்பும் பச்சையும் மண்ணிறமும் உங்கள் தண்ணீரில் இருந்தவை அல்ல, அவருடைய கம்பியில் இருந்தவை. ஆர்ஓ தண்ணீரில் தாது இல்லாததால் மின்சாரம் பாயாது, கம்பி கரையாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டு மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள். அதுவும் கறுக்கும்.

இரண்டாவது வித்தை டிடிஎஸ் மீற்றர். பேனா மாதிரி இருக்கும். கரைந்த தாதுக்களின் மொத்த அளவை அது காட்டும், அவ்வளவுதான். அந்தத் தாது கல்சியமா நைத்திரேற்றா என்று அதற்குத் தெரியாது. கிருமியை அறியவே அறியாது. எஸ்எல்எஸ் 614இன்படி எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். உப்பு ஏறாத நாட்களில் களனித் தண்ணீர் பெரும்பாலும் 100ஐத் தாண்டுவதில்லை. உங்கள் வீட்டில் 60 என்று காட்டியதை 8 ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், இல்லாத நோய்க்கு மருந்து விற்கிறார்.

இப்படிப் பயமுறுத்தி விற்பது வயதான அம்மா அப்பா தனியாக இருக்கும் வீடுகளில்தான் அதிகம் நடக்கிறது. அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு முறையிடலாம்.

அப்படியென்றால் ஆர்ஓ வேண்டவே வேண்டாமா?

கொழும்புக் குழாய்த் தண்ணீருக்கு வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. ஆர்ஓ உப்பு, புளோரைட், நைத்திரேற்று, ஆசனிக்கு எடுப்பதற்கான இயந்திரம். வரட்சியில் சில நாட்கள் ஏறும் உப்பைத் தவிர, நம் குழாயில் அவை பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே தாது குறைந்த தண்ணீரிலிருந்து மீதியையும் உரித்தெடுத்து, ஒரு லீற்றருக்கு இரண்டு மூன்று லீற்றரைச் சாக்கடையில் விடும். அலகு கூடக்கூட விலை ஏறும் தண்ணீர்ப் பில்லில் அது தெரியும்.

சரி, எதை வாங்குவது?

வீதித் தண்ணீர் தாங்கி வழியாக வரும் வீட்டுக்கு: 5 மைக்ரோன் செடிமென்ட், அதன்பின் கரி, அதன்பின் யூஎஃப் எனப்படும் மிக நுண்ணிய துளைச் சவ்வு. யூஎஃப் சவ்வின் துளை ஏறத்தாழ 0.01 மைக்ரோன், பாக்டீரியா அதற்குள்ளால் போகாது. கரண்ட் தேவையில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

யூவி நல்லதுதான், வைரசையும் செயலிழக்கச் செய்யும். ஆனால் கரண்ட் வேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், பல்ப் எரிந்துகொண்டிருந்தாலும் வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும். கதிரின் வீரியம் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

வாடகை அறையில் இருக்கும் மாணவர்களுக்கும், அழுத்தம் குறைந்த மேல்மாடிகளுக்கும் மெழுகுதிரி வடிவச் செரமிக் வடிகட்டி வைத்த இரட்டைத் தட்டு ஃபில்டர் போதும். மெதுவாகத்தான் சொட்டும், ஆனால் பழுதாக அதில் ஒன்றுமில்லை. மெழுகுதிரியை மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள், வெடிப்புக் கண்டால் உடனே மாற்றுங்கள்.

ஜக் ஃபில்டர் சுவைக்கு மட்டும். கிருமிக்கு அதை நம்பக்கூடாது. அல்கலைன், ஹைட்ரஜன் தண்ணீர் நீரிழிவைக் குணமாக்கும் என்ற பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படிக் குணமாக்கும் தண்ணீர் எதுவும் இல்லை.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

காட்ரிட்ஜ் எத்தனை லீற்றருக்கு, என்ன விலை, கொழும்பில் எங்கே கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். இயந்திரத்தின் விலையைவிட மூன்று வருடக் காட்ரிட்ஜ் செலவுதான் உண்மையான விலை. அடுத்து, ஃபில்டர்களைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க நிறுவனமான என்எஸ்எஃப்பின் சான்றிதழ் இலக்கம். 42 என்றால் சுவையும் குளோரினும் மட்டும். 53 என்றால் ஈயம் போன்ற உடல்நலம் சார்ந்தவை. 55 யூவிக்கு, 58 ஆர்ஓவுக்கு. "என்எஸ்எஃப் தரம்" என்று பெட்டியில் பொதுவாக எழுதியிருப்பதற்குப் பெறுமதி இல்லை. இலக்கம் கேளுங்கள், 53 என்றால் எந்தப் பொருளுக்கு என்றும் கேளுங்கள்.

காட்ரிட்ஜ் மாற்றாமல் விட்டால்?

ஃபில்டர் இல்லாத வீட்டைவிட மோசமாகும். குளோரினை இழந்த, ஈரமான, அழுக்கு நிறைந்த கரியில் கிருமி குடியேறும். பூட்டிய திகதியை மார்க்கர் பேனாவால் உறையிலேயே எழுதுங்கள். ஊருக்குப் போய் இரண்டு கிழமை கழித்து வந்தால் முதலில் சில நிமிடம் ஓட விட்டுவிட்டுக் குடியுங்கள். வடித்த தண்ணீரை ஒரு நாளைக்குமேல் வைத்துக் குடிக்க வேண்டாம்.

கொதித்தாறிய தண்ணீர் போதாதா?

கிருமிக்கு அதைவிட நிச்சயமான வழி இல்லை. தளதளவென்று கொதித்தால் போதும், பத்து நிமிடம் வைத்துக் காஸ் கரைக்கத் தேவையில்லை. ஆறும்போது மூடி வையுங்கள், கையோ கோப்பையோ உள்ளே போகக்கூடாது. ஈயம், உப்பு, நைத்திரேற்று போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எங்கள் இடத்தில் குழாய்க்கிணறு. அதற்கு?

அதற்கு மேலே சொன்னவை பொருந்தாது, முதலில் பரிசோதனை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடலோரக் கிணறுகள் உவர். மலக்குழிகள் நெருங்கிய இடங்களில் கிருமியும் நைத்திரேற்றும் வரும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நைத்திரேற்று கூடிய தண்ணீரில் பால் கரைத்தால் இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் போகும். சில தொடர்மாடிகளில் கிணற்றுத் தண்ணீரும் வீதித் தண்ணீரும் ஒரே தாங்கியில் கலக்கிறார்கள். இது நடக்கவே கூடாது.

மேல் மாகாணத்தின் கபுக் எனப்படும் செந்நிறக் கல் மண்ணில் நிலத்தடி நீர் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. தரநிலை பிஎச் 6.5 முதல் 8.5 வரை. அதற்குக் கீழே போனால் சுண்ணக்கல் துகள் ஃபில்டர் உதவும், ஆனால் ஏன் குறைந்தது என்பதையும் கண்டறிய வேண்டும். 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரிய, ரத்துபஸ்வெல மக்கள் தங்கள் கிணறுகள் அமிலமாகிவிட்டன, நல்ல தண்ணீர் வேண்டும் என்று வீதிக்கு இறங்கினார்கள். இராணுவம் சுட்டதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், குடிக்கத் தண்ணீர் கேட்டதற்காக.

எங்கே பரிசோதிக்கலாம்?

இரத்மலானையில் வோட்டர் போர்டின் ஆய்வுகூடம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் கொழும்பு மாநகர சபையின் நகரப் பகுப்பாய்வாளர் பிரிவு. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும், வீட்டுச் சோடாப் போத்தல் ஆகாது. இரண்டு மாதிரி எடுங்கள்: ஒன்று மீற்றருக்கு அருகில், மற்றது குசினிக் குழாயில். முதலாவது நல்லது, இரண்டாவது கெட்டது என்று வந்தால் பிழை உங்கள் தாங்கியில் இருக்கிறது, ஃபில்டர் கடைக்குப் போகத் தேவையில்லை.

போத்தல் தண்ணீர்?

எஸ்எல்எஸ் 894 முத்திரை பாருங்கள். டிஸ்பென்சர் குழாயை மாதம் ஒரு முறை கழுவுங்கள்.

வெள்ளம், எண்ணெய்க் கசிவு வந்தால் ஃபில்டர் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. 2015 ஓகஸ்டில் கடுவெலப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து கசிந்த டீசல் களனியில் கலந்தபோது தண்ணீர் வழங்கலையே நிறுத்தினார்கள். வீட்டுக் கரி ஃபில்டர் அவ்வளவு எண்ணெயைத் தாங்காது. அப்படியான அறிவித்தல் வந்தால் குடிக்காமல் இருப்பதே வழி, அதனால் இரண்டு நாளுக்குப் போதுமான குடிநீரை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள். 2016 மே வெள்ளத்தில் போல் கொலன்னாவ, வெல்லம்பிட்டியப் பக்கம் சம்ப் மூழ்கினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் குளோரின் இட்ட பிறகே பாவியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டுக்கும் இதே ஃபில்டரை அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். அங்கே சுண்ணக்கல் நிலம். தண்ணீர் கடினம், தோட்டப் பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நைத்திரேற்று. யூஎஃப் இரண்டையும் எடுக்காது, மென்மையாக்கும் இயந்திரம் நைத்திரேற்றை எடுக்காது. சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்ததற்கு 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. அந்தப் பகுதிக் கிணறென்றால் எண்ணெய்க்கும் சேர்த்துப் பரிசோதியுங்கள். வவுனியா, அனுராதபுரம் பக்கம் புளோரைட்டும் கடினத்தன்மையும். இலங்கைத் தரநிலையில் புளோரைட்டின் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். நம் வெப்பத்தில் தண்ணீர் கூடக் குடிப்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் 1.5ஐவிட அது இறுக்கமானது. கொழும்பில் நான் வேண்டாம் என்ற ஆர்ஓ, அங்கே பரிசோதனை அறிக்கை அப்படிச் சொன்னால், கட்டாயம் வேண்டும். மலையகத்து ஊற்றுத் தண்ணீருக்குக் கிருமிதான் கவலை. செரமிக்கும் கொதிக்க வைப்பதும் போதும். எந்த ஊரானாலும் முதலில் ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள், ஃபில்டரைப் பிறகு அனுப்பலாம்.